தகுமாவுக்குப் பெண் எழுதிய கதை

ஜப்பானில், யமகத்தா ஊரின் ஆற்றங்கரையில் அன்று அடுப்பு இல்லாத இடமே இல்லை. கல்லைக் கூட்டி, அண்டாவை ஏற்றி, குடும்பம் குடும்பமாகச் சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்க வைத்திருந்தார்கள். செண்டாயிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய மித்சுயோவையும் சயோரியையும் ஓர் அடுப்புக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினார்.

“செண்டாயா? பன்றிக் கறியில மிசோ சோயா விழுதைக் கரைச்சு ஊத்திட்டு, அதையும் குழம்புன்னு சொல்ற ஊராச்சே. பாவம், நல்லா சாப்பிடுங்க.”

“மாட்டுக் கறியை சோயாத் தண்ணியில குளிப்பாட்டி எடுக்கறதுக்கு எங்க ஊர் தேவலை,” என்றாள் சயோரி.

மித்சுயோவும் சிரித்தாள். தகுமா இருந்தால் மிசோவுக்காக இந்த மனிதரோடு சாயங்காலம்வரை மல்லுக்கு நின்றிருப்பான். அவளுக்கு ஒரே பிள்ளை. பனிமலை ஏறப் போனவன் திரும்பவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. அவன் கட்டிக்கொள்ள இருந்தவள்தான் இந்தச் சயோரி. ஞாயிறு தவறாமல் வந்து அவன் படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவாள். இப்போது அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகி, வசந்தத்தில் கல்யாணம்.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பிள்ளையை ஒரு மணப்பெண்ணோடு மணக்கோலத்தில் படமாக எழுதிக் கோயிலில் மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். போன இடத்திலாவது அவன் தனியாக இருக்க வேண்டாமே. அதற்காகத்தான் மித்சுயோ கிளம்பினாள். “நானும் துணைக்கு வரேன் அத்தை,” என்று சயோரியும் கூட வந்தாள். மித்சுயோவின் கைப்பையில் தன் புகைப்படம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

உயிரோடு இருப்பவர் முகத்தை அந்தப் படத்தில் எழுதக் கூடாது. எழுதினால் இறந்தவன் வந்து அழைத்துப் போய்விடுவான் என்பார்கள். என் பிள்ளை அப்படிச் செய்கிறவனா என்று ரயில் முழுக்க மித்சுயோ தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்திருந்தாள்.

கோயில் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஓவியர் வீடு. தகுமாவின் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“களையான முகம். பொண்ணு?”

மித்சுயோ பையைத் திறந்து மற்ற படத்தை வைத்தாள். ஓவியர் அதைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“இது முடியாதும்மா.”

“வெறும் பேச்சுதானே அது.”

“பேச்சுதான். ஆனாலும் நான் எழுதமாட்டேன்.”

சயோரி படத்தைக் கையில் எடுத்தாள். வாய் நிறைய நூடுல்ஸோடு அவள் சிரித்தபோது தகுமா எடுத்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“எழுதட்டும் அத்தை. எனக்குப் பயமில்லை.”

சொன்னாளே தவிர, இடது கை நிச்சய மோதிரத்தை மறு கையால் இறுகப் பொத்தியிருந்தாள். மித்சுயோ அதைக் கவனித்தாள். கூடாது என்று இவள் சண்டை பிடித்திருந்தால் தானும் பிடித்திருப்பாள். சரி என்று சொல்லிவிட்டவளோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

“வேண்டாம்,” என்று படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். “நீங்களே ஒரு முகம் எழுதுங்க. இவ சாயல் துளிகூட இருக்கக் கூடாது. அவன் குழம்பிடுவான்.”

“வேற எப்படி இருக்கணும்?”

“உருண்டை முகம். கொஞ்சம் வாயாடி. இந்த ஊர்க்காரியாவே இருக்கட்டும். குழம்புக்குச் சண்டை போட அவனுக்கு ஆள் வேணுமே.”

“அதை எப்படிம்மா எழுதறது?”

“எழுதினா முகத்துல தெரியும்.”

ஓவியர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் மித்சுயோ புகைப்படத்தைச் சயோரியின் மடியில் வைத்தாள்.

“நீயே வச்சுக்கோ. இனிமே ஞாயித்துக்கிழமை வராதே.”

“ஏன் அத்தை?”

“அவனுக்குப் பொண்டாட்டி வரப் போறா. இன்னொருத்தி வந்து போயிட்டிருந்தா அவளுக்கு நல்லா இருக்குமா?” மித்சுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அத்தைன்னும் கூப்பிடாதே.”

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சயோரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எப்படிக் கூப்பிட்டுச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.