மணிக்கூண்டுக் கிளிகள்

மாதா கோவில் மணிக்கூண்டிலிருந்து பச்சைக்கிளிகள் செத்து விழத் தொடங்கியதும், ஆவூர்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊர் கிளிகளுக்காகக் கவலைப்படவில்லை. தன் கோழிகளுக்காகக் கவலைப்பட்டது. சேவலையும் பெட்டையையும் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டு, கால்நடை மருத்துவர் ஷர்லியிடம் ஓடியது. அவள் அந்த ஊர்ப் பெண் என்பதால் உரிமை கொஞ்சம் அதிகம்.

"கோழிக்கு வர்ற வெள்ளக்கழிச்சலான்னு மட்டும் பாத்துச் சொல்லுத்தா," என்றார் கோவில் உபதேசியார் பங்கிராஸ். "தேர்த் திருவிழா வருது. விருந்தாளுக்குக் கோழி அடிக்காம எப்புடி?"

ஷர்லி இரண்டு கிளிகளை அறுத்துப் பார்த்தாள். ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. கோழிகளுக்குப் பரவும் நோய்களுக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அந்த வீக்கம் மனத்தில் உறுத்தவே, வேறொரு சோதனைக்கும் தனியாக அனுப்பினாள். கோழி நோய் எதுவும் இல்லையென்று சீக்கிரமே பதில் வந்தது. மற்றதற்கு நாளாகும் என்றார்கள்.

ஊருக்கு ஏது பொறுமை?

"கோழிக்கு ஒன்னுமில்லையே?" என்று வந்து நின்றார் உபதேசியார்.

"ஒன்னுமில்ல மாமா. இன்னொரு டெஸ்ட் மட்டும்..."

"அப்ப மணிக்கூண்டக் கூட்டி வெள்ளையடிச்சுரலாம்ல?"

பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றி நின்ற முகமெல்லாம் மலர்ந்துகிடந்ததைப் பார்த்து, "அடிங்க," என்றுவிட்டாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். படித்த அவசரக்காரிக்கு அது இன்னும் மட்டு.

அவள் தம்பி ஜெரோம்தான் முதலில் ஏறினான். வருஷக்கணக்காகக் காய்ந்துகிடந்த கிளி எச்சத்தை விளக்குமாற்றால் தள்ள, வாசலெங்கும் வெள்ளையாகப் புழுதி இறங்கியது. கீழே அதைக் கூட்டி அள்ளியவள் அவன் மனைவி ரீட்டா. பிள்ளைத்தாய்ச்சி, சும்மா இருக்கச் சொன்னால் கேட்கிறவள் இல்லை. "பவுடர் பூசுன மாதிரி இருக்க," என்று சிரித்தபடி அவள் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டது ஷர்லிதான்.

தேர் ஓடியது. கோழிக்குழம்பு மணத்தது. அதன்பிறகு கிளி எதுவும் விழவில்லை, விழுவதற்கு மிச்சமில்லை. மணியடிக்கும்போது கூச்சலிட்டுப் பறக்க ஒரு சிறகுகூட இல்லாத அந்த அமைதியை ஊர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது. ஷர்லி மட்டும் ஆய்வக முடிவு வந்துவிட்டதா என்று செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

இரண்டாவது முடிவு ஒரு மத்தியானம் அவள் செல்போனுக்கு வந்தது. கிளிக்காய்ச்சல். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் மனுஷர் நுரையீரலில் போய் உட்காரும். உரிய மருந்தை உடனே கொடுத்தால் தப்பிக்கலாம். பிள்ளைத்தாய்ச்சிகளைத்தான் அது மோசமாகத் தாக்கும். படிக்கும்போது இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

ஜெரோமுக்குப் போன் போட்டு, காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டாள்.

"எனக்கு லேசா இருமல்தான்க்கா. ரீட்டாவத்தான் ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். நீ பயந்துருவேன்னு சொல்லல. டெங்கு இல்லையாம், டைபாய்டும் இல்லையாம். என்ன காய்ச்சல்னே தெரியலங்குறாங்க. மூச்சு வாங்குது."

"புள்ள?"

"அசைவு கொறஞ்சிருக்காம்."

அவனுக்குப் பின்னால் ஒரு வறட்டு இருமல் கேட்டது. நிற்காமல் கேட்டது.

"டாக்டர்ட்ட போனக் குடுடா. கிளியால வந்ததுன்னு சொல்லு. சீக்கிரம்."

"கிளியாலயா?" ஜெரோமின் குரலில் நிம்மதி வந்தது. "அதெல்லாம் இருக்காதுக்கா. நீதான ஒன்னுமில்லன்னு சொன்ன."

அவன் குத்திக்காட்டவில்லை. அவள் சொன்னதை அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.