பாலத்தில் மூன்று வைத்தியர்கள்

கிட்ட வாருங்கள் செல்லங்களே. காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளுங்கள், நம்மை யாரும் விரட்டப் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் வையாலா என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் ஒரே வேடத்தோடு ஒரு மேசைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

நோலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஞாயிறு வந்தால், புல்தரையில் பந்துருட்டி ஆடும் பௌலிங் கிளப்பின் பக்கத்து அறையில் அவளும் கூட்டாளிகளும் கதையாட்டம் ஆடுவார்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் டெஸ். காடு, குகை, பூதம் எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். மற்றவர்கள் வாள்வீரன், திருடன், மந்திரவாதி, வைத்தியன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்து அவர் சொல்லும் காட்டுக்குள் போவார்கள். ஓங்கிய அடி பட்டதா தவறியதா என்பதைப் பகடை சொல்லும்.

நோலீன் என்றைக்கும் வைத்தியச்சிதான். வெட்டினவனுக்கு மேசையே கைதட்டும். விழுந்தவனை எழுப்பினவளை யார் பார்க்கிறார்கள்? அதனால் ஒருவரும் சீண்டாத வேடம் அது. அவளுக்கோ உடம்போடு பிறந்த தோல் மாதிரி.

அந்தக் குளிர்காலத்தில் இடுப்பு அறுவைக்காக அடிலெய்டு போனவள், ஊன்றுகோலை விட்டு நடக்கத் தேறி, அந்த ஊருக்கு வெயிலைக் கூட்டிவரும் வடகாற்று சூடேறத் தொடங்கும்போதுதான் ஊர் திரும்பினாள். வந்த முதல் ஞாயிறே புதுக் கதை ஆரம்பம். நடுவில் கறி வைத்துச் சுட்ட சாசேஜ் ரோல் தட்டு, பக்கத்தில் தக்காளி சாஸ். டெஸ்ஸைத் தவிர ஆடுகிறவர்கள் மூன்றே பேர். அவரவர் வேடத்தைச் சொல்லும் நேரம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ப்ரூ, தான் வைத்தியச்சி என்றாள். எஃகு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஸ்லாட்கோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானும் வைத்தியன்தான் என்றார். நோலீனின் கை பாதி கடித்த ரோலோடு அந்தரத்தில் நின்றது.

நான் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள் என்று நினைத்தாள். நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள், இடத்தைத்தான் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஒரு பஸ் நிறைய வாண்டுகள் முதுகுக்குப் பின்னால் கூச்சல் போட, சாலையைப் பார்த்தே ஓட்டிப் பழகிய முகம் அல்லவா அது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வேடத்தை இரண்டு பேர் கேட்டால் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தவருக்கு வேடம். மற்றவர் வேறு பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ் பகடையை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

"என் இடத்துக்கு நான் பகடை உருட்ட மாட்டேன், டெஸ். மூணு பேரும் வைத்தியராவே போறோம்."

டெஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். பாலத்தில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மூன்று பேரும் சேர்ந்து இருமல் மருந்தா ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். உங்களுக்காக ஒரு பல்லைக்கூட அதற்குக் குறைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

"குறைக்க வேணாம். பாலத்துல நாங்க தோத்தா நான் வாளெடுத்துக்கறேன். அப்புறம் இந்த மேசையில வைத்தியத்தை வாய் திறந்து கேக்க மாட்டேன்."

ப்ரூ ஏதோ சொல்ல வந்தாள். ஸ்லாட்கோ அவள் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் வந்தவை ஓநாய்கள். வைத்தியருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சக்தி என்று அளவு உண்டு, தீர்ந்துவிட்டால் வெறுங்கைதான். இது தெரிந்தும், ஸ்லாட்கோவுக்கு ஒரு கீறல் விழுந்ததும் ப்ரூ ஆற்றினாள். ப்ரூவின் கீறலை ஸ்லாட்கோ ஆற்றினார். விருந்துக்குப் போன இடத்தில் நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று உபசாரம் செய்வது மாதிரி இரண்டு பேரும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நோலீனுக்குப் பொறுக்கவில்லை.

"கீறலுக்கெல்லாம் கொட்டினா சாவுக்கு மிச்சம் இருக்காது. ஆள் சாயற வரைக்கும் யாரும் யாரையும் தொடக் கூடாது."

"வலிக்குமே, நோல்," என்றாள் ப்ரூ.

"காகிதத்துலதானே வலிக்குது. வலிக்கட்டும்."

பாலத்தில் பூதம் எழுந்து நின்றது. டெஸ் பகடையை எல்லோரும் பார்க்கவே உருட்டினார். முதல் அடியில் ஸ்லாட்கோ சாய்ந்தார், நோலீன் எழுப்பினாள். அடுத்து ப்ரூ விழுந்தாள். எழுந்த கையோடு ஸ்லாட்கோ அவளைத் தூக்கினார். தூக்காத ஆள் சும்மா நிற்கவில்லை, குட்டித் தடியால் பூதத்தின் முட்டியில் ஒரு போடு போட்டார். யானையை எறும்பு கடிப்பது போலத்தான். ஆனால் யானையால் ஒரு முறைக்கு ஓர் எறும்பைத்தானே மிதிக்க முடியும்? இவர்கள் விழ விழ எழுந்தார்கள். டெஸ்ஸின் நெற்றி வேர்த்தது.

அப்புறம் நோலீனே விழுந்தாள். விழுந்தவர் பேசக் கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். அடுத்த அடிக்குள் யாராவது தூக்காவிட்டால் சாவு. ஸ்லாட்கோவிடம் சக்தி தீர்ந்துவிட்டது. ப்ரூவிடம் ஒரே ஒரு முறைக்கு மிச்சம். அவள் நோலீனின் முகத்தைப் பார்த்தாள். நோலீன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இத்தனை காலம் அடுத்தவர் உயிர் அவள் கையில் இருந்திருக்கிறது. தன் உயிர் அடுத்தவர் கையில் இருப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஒன்றை உனக்கே வைத்துக்கொள் என்று டெஸ் ப்ரூவுக்கு ஆசை காட்டினார்.

"ஆள் சாயற வரைக்கும்னுதானே சொன்னா. சாஞ்சுட்டா," என்று ப்ரூ நோலீனைத் தூக்கிவிட்டாள்.

எழுந்தவள் போட்ட போட்டில் பூதத்தின் பலம் பாதிக்குக் கீழே இறங்கியது. பாதி போனால் பூதத்துக்கும் பயம் வரலாம் என்பது டெஸ் விடாமல் வைத்திருக்கும் பழைய விதி. நிற்குமா ஓடுமா என்று உருட்டினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூதம் பாலத்தை விட்டு ஓடியே போய்விட்டது.

ஸ்லாட்கோ எழுந்து நின்று கைதட்டினார். அப்போதுதான் ப்ரூ மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"நீ இல்லாம இந்தக் குளிர்காலம் பூரா செத்துச் செத்து விழுந்தோம், நோல். எங்களுக்காகப் பின்னாலயே நின்னவ, ஒரு தடவையாச்சும் முன்னால நின்னு வெட்டட்டும்னு நான் இந்த வேடத்தை எடுத்தேன். இவரும் அதையே நெனச்சிருக்கார்னு இன்னிக்குத்தான் தெரியும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னிருப்பே," என்றார் ஸ்லாட்கோ.

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் அந்த அரை ரோலை எடுத்து, சாஸில் தோய்த்து நிதானமாகத் தின்றாள். அடுத்த ஞாயிறு யார் வேடத்தை மாற்றிக்கொள்வது என்று டெஸ் இழுத்தார்.

"யாரும் மாற வேணாம். நீ ரெண்டு பூதமா வை," என்றாள் நோலீன்.

கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணுகளே, நீங்கள் நன்றாக இருங்கள். உங்கள் வீட்டு மேசையில் பசியோடு யாரும் உட்காராதிருக்கட்டும், மனக்குறையோடு யாரும் எழாதிருக்கட்டும். நோயில் போனவர் நலமாகத் திரும்பட்டும். உங்கள் வாசலுக்கு வரும் பூதமெல்லாம் பாதியிலேயே பயந்து ஓடட்டும்.