எனக்கு மட்டும் வராத ரோஸ் தாள்

எங்கள் ஜோடியை ஊரே நம்பியது. டெஸ்மண்ட் ஃபேரோவும் நானும் நான்கு படம் சேர்ந்து நடித்திருந்தோம். நான்கிலும் படம் முழுக்க நாயும் பூனையுமாகச் சண்டை போடுவோம், கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டிக்கொள்வோம். ஒரு படத்தில் அவனைப் பெரிய மீனால் கன்னத்தில் அறைந்தேன், தியேட்டரே உருண்டு சிரித்தது. நிஜத்தில் எப்போது கல்யாணம் என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். அதே கேள்வியை அவர்களைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்கு வயது முப்பத்து நான்கு. ஸ்டூடியோ பத்திரிகைகளுக்குக் கொடுத்த வயது இருபத்தெட்டு. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டெஸ் என் வீட்டில் சாப்பிட்டான், ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் எடுத்த ஐந்தாவது படத்தில் ஒரு தரகன் ஒரே வீட்டை எங்கள் இருவருக்கும் விற்றுவிடுகிறான். நான் கோடீஸ்வரன் மகள், அவன் பியானோவுக்குச் சுதி சேர்ப்பவன். நடு வீட்டில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம். கூடவே ஒரு வாத்து வேறு. கடைசிக் காட்சி சமையலறையில். தலை முதல் கால் வரை மாவு அப்பியபடி நான் நிற்க, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவன் கேட்க வேண்டும். நான் ஒரே மூச்சில் அழுது, சிரித்து, சரி சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பதினோரு டேக் போனது. அழுகை வந்தால் சிரிப்பு வரவில்லை, சிரிப்பு வந்தால் அழுகை வரவில்லை. டைரக்டர் எமெட் ராஸ் பற்றவைக்காத பைப்பைக் கடித்துக்கொண்டே, "நாளைக்குப் பாத்துக்கலாம் லெனோர், நீ போய் நல்லாத் தூங்கு" என்றார். அவ்வளவு கனிவாக அவர் பேசிய அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை என் முகத்தை மட்டும் எடுத்தார்கள். ஒருவர் முகத்தை எடுக்கும்போது கூட நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தை உணர்ச்சியோடு பேசிக் கொடுப்பது மரியாதை. பெரிய நட்சத்திரங்கள் பலர் தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள், வசனக் குறிப்பு எழுதும் பெண் அதை மளிகைப் பட்டியல் மாதிரி வாசிப்பாள். டெஸ்ஸும் நானும் ஒருவரையொருவர் அப்படி விட்டுவிட்டுப் போனதே இல்லை. அதில் எனக்குக் கர்வமே உண்டு.

கேமரா ஓடியது. டெஸ் முதல் வசனத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தினான்.

"ப்ரோன்யா" என்றான்.

ஹாலிவுட்டில் நான் லெனோர் ஆஷ். ப்ரோன்யா என்பவள் டொலீடோவில் கறிக்கடை வைத்திருந்த போலந்துக்காரர் ஒருவரின் மகள். அந்தப் பெயரை ஸ்டூடியோ அழித்துவிட்டது. ஹாலிவுட்டில் அது தெரிந்த ஒரே ஆள் டெஸ்தான்.

"ப்ரோன்யா, இந்த வசனமெல்லாம் வேணாம். மூணு வருஷமா உன் வீட்டுல சாப்ட்டுட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டுக் கெளம்பறேன். போற வழியெல்லாம் இன்னிக்காவது கேட்டிருக்கலாமேன்னு நெனச்சுட்டே போவேன். இப்பக் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

கேமரா, விளக்கு, சுற்றி நின்ற நாற்பது பேர் எல்லாம் மறந்துபோயிற்று. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

"கட்டிக்கிறேன்டா மடையா. இதைக் கேக்க ஒனக்கு மூணு வருஷமா?"

"கட்" என்றார் ராஸ். எல்லோரும் கைதட்டினார்கள். எங்களுக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, மாவுக் கையை விரித்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக ராஸைப் பார்த்து, "கெடச்சுதா பாஸ்?" என்று கேட்டான்.

வாத்தைப் பார்த்துக்கொள்ளும் கஸ் ஓடிவந்து, "அசத்திட்டீங்க மிஸ் ஆஷ்" என்றான். அவன் சட்டைப் பையில் ஒரு ரோஸ் தாள். வசனத்தைத் திருத்தினால் கலர் தாளில் அடித்துத் தருவார்கள், முதல் திருத்தம் நீலம், அடுத்தது ரோஸ். எனக்கு நீலத்தோடு நின்றுவிட்டது. அதைப் பிடுங்கிப் பார்த்தேன்.

மூணு வருஷம், தட்டு கழுவுவது, போற வழி, எல்லாம் வரிசையாக இருந்தது. என் பெயரையும் எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு: 'இந்த ஷாட்டில் அவன் குரல் மட்டும்தான். பெயரைப் பின்னால் மாற்றிப் பதிவு செய்துகொள்ளலாம். மிஸ் ஆஷுக்குத் தர வேண்டாம்.' நிமிர்ந்து பார்த்தேன். ஏணி மேல் இருந்த விளக்குக்காரனிடம் ஒரு ரோஸ் தாள். வசனக் குறிப்பு எழுதும் மில்லியின் அட்டையில் ஒன்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டெஸ்ஸைப் பொய் அடுப்புக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"எம் பேரை யாருகிட்டடா சொன்ன?"

"ரைட்டர்கிட்டதான். ஒன்னை நெஜமா அழ வைக்க என்ன வழின்னு ராஸ் கேட்டாரு."

"நீ வழி சொல்லிக் குடுத்துட்ட."

"ஒனக்காகத்தான். அடுத்த படத்துக்கு வேற பொண்ணைப் போடலாம்னு மேல பேச்சு அடிபடுது, தெரியுமா?"

"எங்கிட்ட சொல்லியிருந்தா நடிச்சிருப்பேன்ல?"

"சொல்லியிருந்தா வந்திருக்காது. ஒனக்கே தெரியும்."

அது உண்மை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "தாள்ல இருக்கறது இருக்கட்டும். ஆனா நான் பொய் சொல்லல ப்ரோன்யா. நெஜமாத்தான் கேட்டேன். அடுத்து எம் மொகத்தைத்தான் எடுக்கறாங்க. நீயே நின்னு பாரு. அப்புறம் பதில் சொல்லு."

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். எனக்குப் பதிலாக வாசிக்க மில்லி அப்போதே அட்டையோடு எழுந்துவிட்டாள். உட்கார் என்று கை காட்டினேன். ரோஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவனை நம்ப ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விளக்குகளைத் திருப்பினார்கள். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் பேசினான். 'போற வழியெல்லாம்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மூக்கோரம் நின்றது. இந்த முகம் பொய் சொல்லாது என்று எனக்குத் தோன்றியது. "கட்டிக்கிறேன்" என்றேன், மனதாரச் சொன்னேன். பெயரை விற்றதைக்கூட மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"வாத்து கத்திடுச்சு" என்றார் ஒலிப்பதிவுக்காரர். இன்னொரு முறை எடுத்தார்கள்.

'போற வழியெல்லாம்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இடது கண்தான். சொட்டு மூக்கோரம் வந்து நின்றது.

கேமரா லேசாக ஆடிவிட்டதாம். மூன்றாவது முறை. அதே சொல், அதே கண், அதே சொட்டு. என் உதடு மட்டும் "கட்டிக்கிறேன்" என்றது. பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படிச் செய்யக்கூடியவர்களை இந்த ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவன் வேறு ஒருத்தி பெயரைச் சொல்லியிருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன்.

"பிரமாதம்" என்றார் ராஸ். விளக்குகள் அணைந்தன. டெஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் கண்ணில் ஏக்கம் இருந்தது. அது நிஜமாகக்கூட இருக்கலாம், ஆனால் எனக்கு இனி அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

"பாத்தல்ல? இப்பச் சொல்லு" என்றான்.

"ரெண்டாவது டேக்தான் நல்லா இருந்துச்சு டெஸ்" என்றேன்.