என் தோளுக்கு ஒரு துப்பாக்கி

லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தத் துப்பாக்கிக் கடையில் இருந்த ஒன்றரை மணி நேரமும் கூட வந்த இரண்டு பேரும் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அன்னூருக்கு வடக்கே எனக்கு நாலு ஏக்கர் காடு. என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்னி இறங்கும். பத்துப் பன்னி ஒரு தரம் உள்ளே வந்தால் அரை ஏக்கர் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். தகர டின்னைத் தட்டிக்கொண்டு நான்தான் ஓடுவேன். போன வருஷம் ஒன்று திரும்பி வந்து என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுப் போனது. ஏழு தையல். அப்போது என் வீட்டுக்காரர் மருதாசலம் கோயமுத்தூரில் யாருக்கோ சைட் காட்டிக்கொண்டிருந்தார். நிலத்தரகு அவருடைய தொழில். பத்து ஊர் நிலத்தின் சர்வே நம்பரும் அவருக்கு மனப்பாடம், எங்கள் காட்டில் எந்தப் பக்கம் வேலி பிய்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியாது.

தையல் பிரித்த வாரமே துப்பாக்கிக்கு மனுப் போட்டோம். முதலில் அவர் பேரில்தான் போட்டார். "உங்க பேருல நெலமே இல்லீங்களே" என்று திருப்பிவிட்டார்கள். பிறகு என் பேரில் போட்டோம். போலீஸ் விசாரணை, தாசில்தார் விசாரணை, நடையோ நடை என்று பதினாலு மாதம். மூன்று நாள் சுடும் பயிற்சிக்கும் நான்தான் போனேன். அவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பயிற்சித் துப்பாக்கியின் பின்கட்டை எனக்கு நீளம். தோளில் சரியாகப் பதியாமல் உதைத்து, மூன்றாம் நாள் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வாங்கும்போது உங்க கைக்கு அளந்து வாங்குங்க. அளவு தப்புனா துப்பாக்கி இருந்தும் இல்லாத மாதிரிதான்." திரும்பி வருகிற வழியில் அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பும்போது காரில் சீனிவாசலு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், மில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவர் எதற்கு என்று கேட்டேன். "அவனுக்குத் துப்பாக்கியப் பத்தி நெம்பத் தெரியும் அம்மணி" என்றார் என் வீட்டுக்காரர். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடை டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் அப்துல் முத்தலிப் பாய்க்கு அறுபது வயது இருக்கும். வாங்க வாங்க என்று மூன்று பேருக்கும் நாற்காலி போட்டார். "லைசென்ஸ் யாருதுங்க?" என்றார்.

"ஊட்டுக்காரி பேருலீங்க பாய். சும்மா பேருக்குத்தான்" என்று இவர் புத்தகத்தை நீட்டினார்.

பதினாலு மாதம் நடந்தது சும்மாவா? ஏழு தையல் சும்மாவா? எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். எனக்கு அந்த 'ங்க' வாயில் வரவில்லை.

பாய் மேஜைமேல் மூன்று துப்பாக்கி எடுத்து வைத்தார். ஒன்று ஒற்றைக் குழல், விலை குறைந்தது. இன்னொன்று முன்கட்டையை இழுத்து இழுத்துச் சுடுகிற பம்ப், விலை எட்டாது. நடுவில் ஒரு இரட்டைக் குழல். வழவழவென்று தேக்கு நிறத்தில் கட்டை, விலையும் நடுத்தரம்.

"ஒத்தைக் குழலு வாட்ச்மேன் வெச்சிருக்கறதுங்க" என்று சீனிவாசலு அதைத் தள்ளி வைத்தார். இரட்டைக் குழலை எடுத்தார். மடித்து உள்ளே பார்த்தார், எடை பார்த்தார், "குழலு வாய் சித்த இறுக்கமா இருக்குதோ? ரவை பரவற மாதிரி வேணுமுங்க பாய்" என்றார். பிறகு தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கடையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை கூரை ஓரமாகவே குழலை ஓட்டினார். மின்விசிறியைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி. "நல்லா வருது" என்றார். என் வீட்டுக்காரரும் வாங்கி அதே மாதிரி ஓட்டினார்.

காட்டுப்பன்னி கூரையில் ஓடி நான் பார்த்ததில்லை.

"அளவு எடுத்துக்கலாமுங்களா?" என்று பாய் நாடாவை எடுத்தார். என்னைத்தான் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் இவர் முழங்கையை மடித்து நீட்டிவிட்டார். பாய் ஒரு கணம் தயங்கினார். நீட்டிய கையை வேண்டாமென்று சொல்வது மரியாதை இல்லை. அளந்துவிட்டார். முழங்கை மடிப்பிலிருந்து விசை பிடிக்கிற விரல்வரை. "அப்படியே பொருந்துதுங்க. எதும் பண்ண வேண்டியதில்ல" என்றார். இவருக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

எனக்கு டீ வந்தது. டீ குடிக்கவா நான் வந்தேன்?

"தோட்டா என்ன வேணுமுங்க?" என்றார் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் சீனிவாசலு, "எட்டாம் நம்பரு ரெண்டு பெட்டி. ஆறாம் நம்பரு ஒரு பெட்டி" என்றார்.

பாய் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு லைசென்ஸ் புத்தகத்தை மறுபடி பார்த்தார். 'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய், எட்டாம் நம்பருன்னா என்னங்க?" என்று கேட்டேன். கடைக்குள் நுழைந்தபிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சின்ன ரவைங்க அம்மணி. கடுகாட்ட இருக்கும். ஒரு தோட்டாவுக்குள்ள நூத்துக்கணக்குல."

"அது பன்னியை வெரட்டுமுங்களா?"

"பன்னி மேல மண்ணு வாரி வீசுன மாதிரிங்க. வெரட்டறதுக்குச் சத்தம் போதும், அதுக்கு எந்தத் தோட்டாவும் ஆகும். எட்டாம் நம்பரு…" என்று இழுத்தார். இரண்டு ஆண்களையும் பார்த்தார். "அது பறவைக்குங்க. காடை, கவுதாரி."

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"சித்த பொழுதுபோக்குத்தான் அம்மணி" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "கோபிச்செட்டிபாளையத்துல இவனோட பங்காளி தோட்டம் இருக்குது. மேக்கால கரட்டுக் குன்னு. கவுதாரி நெம்ப இருக்குதாமா. அடுத்த ஞாயித்துக்கெழமை நாலு பேரு போறோம். அப்புறம் துப்பாக்கி காட்டுலயேதான் கெடக்கும்."

"கவுதாரி சுட்டா கேஸுங்களே?"

"அதெல்லாம் ஆரு பாக்கறா?"

"பாத்தா?" பாயைத்தான் கேட்டேன். "பாத்தா ஆரைங்க புடிப்பாங்க?"

பாய் நாடாவைச் சுருட்டினார். "சுட்டவங்களைப் புடிப்பாங்க. துப்பாக்கி ஆரு பேருல இருக்குதோ அவங்களையும் புடிப்பாங்க. அடுத்தவங்க கையில அது எப்படிப் போச்சுன்னு கேப்பாங்கல்லங்க. லைசென்ஸும் போயிருமுங்க."

சீனிவாசலு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, அப்படியே ஆனாலும் பொம்பளைங்களை ரொம்ப நாளு வெச்சிருக்க மாட்டாங்கம்மா. ஜாமீன் ஒடனே கெடைக்கும். நாங்க விசாரிச்சுப்போட்டுத்தான் இருக்கறோம்."

விசாரித்திருக்கிறார்கள். எனக்கு ஜாமீன் எத்தனை நாளில் கிடைக்கும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள். என் கால் குணமானதா என்று கேட்காத மனுஷன், நான் ஜெயிலிலிருந்து எப்போது வருவேன் என்று கேட்டுவைத்திருக்கிறார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வாரா என்று பார்த்தேன். இவர் சீனிவாசலுவைப் பார்த்து, ஏன்டா அதைச் சொன்னே என்பது போலக் கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான்.



"சரி சரி, கையெழுத்தைப் போடு கண்ணு. நேரமாகுது" என்று இவர் பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். மூடி போட்டுப் பாய் பக்கம் வைத்தேன்.

"பாய், அளவு தப்பா எடுத்துப்போட்டீங்க" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். "தப்புத்தானுங்க அம்மணி" என்றார். "உங்களைத்தான் அளந்திருக்கோணும். கையை நீட்டுனாரு, எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க."

நான் போய் நின்று முழங்கையை மடித்தேன். நாடாவை வைத்தார். "ஒண்ணரை இஞ்சு அதிகமுங்க. கட்டையை வெட்டி, பின்தகட்டைத் திரும்ப மாட்டோணும். உள்ளயே பட்டறை இருக்குதுங்க, அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்."

"வெட்டிருங்க."

"அம்மணி!" இவர் குரல் கொஞ்சம் ஏறியது. "வெட்டுனா அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. எனக்குத் தோளுக்கே எட்டாது."

"உங்களுக்கு எதுக்குங்க எட்டோணும்?"

"ஊட்டுல போயிப் பேசிக்கலாம். நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. பதினாலு மாசம் ஆபீசு ஆபீசா நின்னேனே, அப்ப நாலு பேரு பாக்கலீங்களா? காலைக் கிழிச்சுக்கிட்டு டெம்போவுல படுத்துட்டுப் போனனே, அப்ப பாக்கலீங்களா? அப்ப எங்கீங்க இருந்தீங்க நீங்க?" என் குரல் வெளியே சந்துவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். "வெட்டுனா நான் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா பில்லைக் கிழிச்சுப்போடுங்க பாய். நான் டின்னையே தட்டிக்கறேன்."

சீனிவாசலு போன் வந்ததுபோல வெளியே போனார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பாய் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோனார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். கட்டையில் துணி சுற்றிப் பிடித்து இறுக்கி, பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தை வைப்பதற்கு முன் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். இவரை அல்ல, என்னை. நான் தலையாட்டினேன். ரம்பம் இறங்கியது. இவர் நாற்காலியின் கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

தகடு மாட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தோளில் வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது. கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது, கை நீட்டி மடக்கித் தேட வேண்டியிருக்கவில்லை.

"ஒருக்கா குடு" என்று இவர் எழுந்து வாங்கினார். அப்போதும் நம்பவில்லை போலிருக்கிறது. வேகமாகத் தோளுக்கு ஏற்றினார். கட்டை போதாமல், தன் கட்டைவிரலே மூக்கில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது அம்மணி அளவுங்க" என்று பாய் மெதுவாகச் சொல்லி, அவர் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டார்.

கையெழுத்துப் போட்டேன். சத்தத்துக்கு ஒரு பெட்டித் தோட்டா போதும் என்றேன். பாய் பட்டறையைக் கூட்டப் போனார். தரையில் கிடந்த கட்டைத் துண்டை எனக்குக் கொடுக்கச் சொன்னேன். ஒன்றரை இஞ்சு கனம், வெட்டிய பக்கத்தில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டேன்.

"இது உங்களுதுங்க" என்றேன். "ஞாயித்துக்கெழமை கோபிக்குப் போகையில எடுத்துட்டுப் போங்க."