தண்டனைப் பெட்டியில் கேட்டது

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, காவல் நிலையத்தில் உதித்தது. "பார்த்ததை மட்டும் எழுதிக் குடுங்க, கதை விடாதீங்க" என்றார் விசாரணை அதிகாரி அம்மையார். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

பின்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பதினோரு வருடமாகத் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடிவந்தேன். சம்பளமில்லை, ஆட்டத்துக்கு ஒரு சாசேஜ், ஒரு காப்பி. தப்பு செய்த ஆட்டக்காரன் உள்ளே வருவான், இரண்டு நிமிடம் முறைத்தபடி உட்காருவான், போவான்.

2

முதல் தொடக்கம்: "வெண்பனித் தளத்தில் குருதி ஒரு ரோஜாவைப் போல..."

[அடித்துவிட்டேன். பீட்ரூட் சாறு கொட்டின மாதிரிதான் இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: "துவோமோ ஹர்யுலா அடிப்படையில் நல்லவன்."

[இதுவும் வேண்டாம். அடிப்படையில் நல்லவன் என்றாலே வாசகர் உஷாராகிவிடுவார்.]

துவோமோவுக்கு முப்பத்துநாலு வயது. எங்கள் அணியின் அடியாள். இதுவரை போட்ட கோல் ஏழு. அதில் ஒன்று எங்கள் வலையிலேயே. அந்தச் சனிக்கிழமை மதியம் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தான்.

"ரௌனோ, அந்த ஈலிஸை அடிச்சுப் படுக்க வைக்கச் சொல்றார்யா கோச்."

"யாரு?"

"எதிர் டீம், பதினேழாம் நம்பர். இருபத்தொரு வயசுப் பய. எனக்கு மனசே வரல."

"வரலேன்னா விட்டுடேன்."

"விட்டா அடுத்த வருஷம் எனக்கு எவன்யா கான்ட்ராக்ட் போடுவான்? நான் என்ன, சறுக்கி நடனமா ஆடுறேன்?"

சிரித்தேன். நேரம் முடிந்தது. கதவைத் திறந்தேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஈலிஸின் காதுப்பக்கம் ஒரு குத்து. ஹெல்மெட் கழன்றது. தலை பனியில் மோதிய சத்தம்

[நாலு உவமை எழுதிப் பார்த்தேன். நாலும் கேவலம்.]

அரங்கமே எழுந்து கத்தியது. நானும் எழுந்தேன்.*

*போலீசுக்கு "எழுந்து நின்றேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். கைதட்டியதை எழுதவில்லை.

3

துவோமோவுக்குப் பத்து ஆட்டம் தடை. அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஈலிஸுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. படியேறச் சுவர் வேண்டியிருந்தது. இனி ஆட முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்ததும் அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். எங்கள் வீட்டிலும் அன்றே வழக்கு தொடங்கிவிட்டது.

"ஆட்டம்னா அடி விழத்தான் செய்யும். அதுக்கெல்லாம் கோர்ட்டா?" என்றான் மச்சான் பெந்தி.

"அப்ப நாளைக்கு மார்க்கெட்ல உன்னைப் பின்னாலேர்ந்து ஒரு குத்து விடுறேன். கால்ல ஸ்கேட் போட்டிருந்தேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் என் மனைவி ஹில்க்கா.

பெந்தி உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

4

நீதிமன்றத்தில், பெட்டிக்குள் கேட்டதைச் சொன்னேன். பயிற்சியாளர் கூரையை ஆராய்ந்தார். நீதிபதி துவோமோவைக் கேட்டார்.

"கோச் ஒண்ணும் சொல்லல. ரௌனோ கதை எழுதுறவர். கை என்னோடது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதம் சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது; உள்ளே போக வேண்டியதில்லை. பயிற்சியாளர் இன்னும் பயிற்சியாளர்தான். துவோமோவுக்குப் புது ஒப்பந்தம் இல்லை. எனக்குத் திறந்து மூடக் கதவும் இல்லை.

[மாற்று முடிவு: துவோமோ உடைந்து அழுது உண்மையைச் சொல்கிறான். எழுதினேன், அருமையாக வந்தது. அவன் அழவில்லை என்பதால் கிழித்தேன்.]

அறைக்கு வெளியே துவோமோவைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா என்னைப் பொய்யனாக்கினே?"

"நீ சொன்னது நெசந்தான். ஆனா அடிச்சது கோச் இல்லையே, ரௌனோ."

5

இங்கே நிறுத்தியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் ஈலிஸ், சுவரைப் பிடித்தபடி தாழ்வாரத்தில் என்னிடம் வந்தான்.

"நீங்க அன்னைக்குப் பக்கத்துலயே இருந்தீங்கல்ல? காலையில பஸ் ஏறினதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அதான் என் கடைசி மேட்ச். நான் எப்படி ஆடினேன்?"

"பிரமாதம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவன் கோல் போட்டானா, அந்த ரப்பர் வட்டையாவது தொட்டானா, எனக்குத் தெரியாது. துவோமோ எப்போது அடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும்தான். இவ்வளவு தூரம் வாசித்தீர்களே, அந்தப் பையன் எப்படி ஆடினான் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

அவன் நிற்கிறான். ஏதாவது சொல்லுங்கள்.