நாலு பேர் உள்ள வீடு

மாவட்டம் வளர்கிறது, வளர்கிறது என்று எல்லாரும் மார்தட்டிக்கொண்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் எங்கே காலை நீட்டிப் படுப்பார்கள் என்று இப்போதுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. அதற்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு. இரண்டு அறையில் ஆறு பேருக்கு மேல் இருந்தால் புது வீட்டுப் பட்டியலில் பெயர் ஏறும். விட்டால், அடுத்த கணக்கெடுப்புக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரமாக அலைந்த கணக்கெடுக்கும் பெண்ணின் வீட்டிலேயே இரண்டு அறையில் எட்டு பேர். வாடகை ஒப்பந்தப்படி கொழுந்தன் குடும்பம் நாலு பேர் மட்டும்தான். இவள், கணவன், மகள், மாமியார் ஆகிய மற்ற நாலு பேரும் காற்றைப் போல இருந்தார்கள். வீட்டுக்காரர் வரும் நாளில் காணாமல் போய்விடுவார்கள். தெரிந்தால் எட்டு பேரும் தெருவில்தான்.

அலுவலகத்திலும் இவள் கொடுத்திருந்தது பழைய முகவரி. இப்போது இருக்கும் தெருவுக்கு வேறொருவர் பொறுப்பு. அவர் வரும்போது ஓரகத்தி காதோடு காதாக எட்டு என்று சொல்லிவிடுவாள் என்று ஏற்பாடு. பாழாய்ப்போன அந்த மனிதருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். மேற்பார்வையாளர் இவளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போதாக்குறைக்கு, விஷயம் கேள்விப்பட்ட வீட்டுக்காரரும் கூடவே படியேறினார்.

கதவைத் திறந்த ஓரகத்தி இவளைப் பார்த்தாள், பின்னால் நின்ற வீட்டுக்காரரையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை பேரும்மா இருக்கீங்க?" மேற்பார்வையாளர் கேட்டார்.

"நாலு பேரு சார்."

"எழுதிக்கங்க."

எட்டு என்று எழுதிவிடலாமா? வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் நாலு என்று எழுதினாள். 'வீட்டுத் தேவை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியபோது, தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோமே என்று அழுகை முட்டியது. ஐந்து வருடம்! மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும்.

அப்போதுதான் உள்ளறையில் இருமல் சத்தம் கேட்டது.

"யாரது உள்ளே?" வீட்டுக்காரரின் குரல் உயர்ந்தது.

மகள் வெளியே வந்தாள். அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. எப்போதும் சித்தி சித்தி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள், "ஆன்ட்டி, விளையாடினது போதும். நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்றாள். சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். பெற்றவளுக்கு அதைக் கேட்டுப் பெருமைப்படுவதா, நாண்டுகொண்டு சாவதா என்று தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுப் பாப்பா" என்று ஓரகத்தி இழுத்தாள்.

வீட்டுக்காரர் அரை மனதாகத் தலையாட்டினார். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், அதுதான் வம்பு. "தெருவில வண்டி வேகமா வருது. நாமளே விட்டுட்டுப் போயிடலாம். பாப்பா கையைப் பிடிச்சுக்கங்க மேடம்" என்றார்.

இவள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டிலிருந்து இறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. வீட்டுக்காரர் மாடிப் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீடு எதும்மா?" என்று மேற்பார்வையாளர் குனிந்து கேட்டார்.

மகள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இவள் கையை மெல்ல இழுத்து, இவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அம்மா, எந்த வீட்டைக் காட்டணும்?"