யாழினியின் இடுப்புச் சத்தம்

மருங்காபுரியில் வேணிக்குப் பிறந்த யாழினியின் இடது இடுப்பு, துணி மாற்றக் காலை விரிக்கும்போதெல்லாம் டொக்கென்று ஒலித்தது. அந்தச் சத்தம் மணப்பாறையைத் தாண்டி, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் வரை கேட்டது. அங்கே பூ விற்கிறவர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் முழம் போடுவதைக்கூட நிறுத்தவில்லை. பிரசவம் பார்த்த டாக்டர் டோரதிக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. "தலைச்சன் பொண்ணு, தலை திரும்பாம பொறந்திருக்கு. தொடை எலும்பு குழிக்குள்ள சரியா உக்காரல போலிருக்கும்மா. ஆறு வாரத்துக்குள்ள ஸ்ரீரங்கம் போயி இடுப்பு ஸ்கேன் எடுத்துடுங்க. இப்பவே பாத்துட்டா பெல்ட் போட்டே சரி பண்ணிடலாம்" என்றார்.

ஸ்ரீரங்கம் போகக் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வேணியின் மாமனார் வீரமலை வீட்டிலோ, ஒரு வயது முடிந்து குலதெய்வத்துக்கு முடி இறக்கும்வரை பிள்ளையை ஆறு தாண்ட விடுவதில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா மணல் கிடக்கிறதா என்பதெல்லாம் அந்த வழக்கத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. "பொறந்த பிள்ளைக்கு என்னம்மா ஸ்கேனு? வயித்துல இருக்கறப்பவே எடுத்தாச்சுல்ல" என்றார் வீரமலை. வேணியின் கணவன் சுரேஷ்குமார் அப்பாவுக்கு மறுபேச்சு பேசாத உத்தமன். ஒருநாள் வேணி சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்திரம் வரை வந்துவிட்டாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்தபோது பிள்ளை உதைத்தது. டொக்கென்ற சத்தத்தில் கடைக்கூரைக் காக்கைகள் மொத்தமும் பறந்தன. அந்நேரம் பார்த்து போன் அடித்தது. "ஆத்தைத் தாண்டி பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றான் சுரேஷ்குமார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் காலைக் கீழே இறக்கிவிட்டாள்.

மூன்றாம் மாதம் சத்தம் நின்றது. "பாத்தியாம்மா, சாமி பாத்துக்கிச்சு" என்று வீரமலை சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார். வேணியும் மனம் நிறைந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடப்பாவிகளா, அழ வேண்டிய நாளில் பொங்கல் வைத்தார்கள்.

முடி இறக்கிய பிறகு, விந்தி விந்தி நடந்த பிள்ளையை ஒருவழியாக ஆறு தாண்டிக் கொண்டுபோனார்கள். ஸ்ரீரங்கத்து டாக்டர் அனிஷா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு குழிக்குள்ள போயிட்டு வர்ற வரைக்கும்தாங்க சத்தம் கேக்கும். வெளியவே தங்கிடுச்சுன்னா கேக்காது. இனி ஆபரேஷன்தான்." வேணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு ஆபரேஷன், மாதக்கணக்கில் மாவுக்கட்டு, விந்தல் போகவில்லை. நின்றுபோன சத்தம் மட்டும் திரும்பி வந்தது, பிள்ளையின் இடுப்புக்கு அல்ல. சத்திரத்தில், வேணி காலை இறக்கிய அந்த இடத்துக்கு. டொக்கென்று கேட்டால் ஸ்ரீரங்கம் பஸ் கிளம்பும். கண்டக்டர்கள் விசில் ஊதுவதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. டாக்டரிடம் காட்டப் போகும் நாட்களில், வேணி மகளைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தானும் படியில் கால் வைப்பாள். சத்தம் கேட்கும்.

"அது என்னம்மா?" என்பாள் யாழினி.

"பஸ் கிளம்புதுடி. கம்பியப் புடிச்சுக்க."